கோட்டை உழவாரனும் கடல் பெட்ரலும்

காட்பாடி கப்பல்காரன்:
எனக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. ஒரு ஆகஸ்ட் மாதம், கொச்சியிலிருந்து ஓமன் போகும் வழியில் காற்று வாங்க டெக்குக்கு வந்தேன். கப்பலுக்குப் பின்னால் நுரைத்த தண்ணீர்மேல் கறுப்பாக நாலைந்து பறவைகள். இடுப்பில் வெள்ளைப் பட்டை. 'அட, நம்ம கோட்டை உழவாரன் இங்கே எங்கே வந்தது?' என்றுதான் முதலில் தோன்றியது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைச் சுற்றிக் கீச்சிட்டபடி பறக்குமே, ஏறக்குறைய அதே அளவு, அதே நிறம்.

அப்புறம் ஒன்று காலைத் தொங்கவிட்டு, இறக்கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தத்தித் தத்தி மிதித்தது. உழவாரனுக்கு அந்த வித்தை ஏது! பைனாகுலரில் ஒரு நொடி விரலிடைச் சவ்வு மஞ்சளாகத் தெரிந்தது. வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடல்பறவை. அண்டார்க்டிகா கரையில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் வந்ததும் இவ்வளவு தூரம் வருகிறது. எடை என்னவோ 35 கிராம் சொச்சம்தான். அரை மணி நேரம் நின்றேன், ஒரு சத்தம் இல்லை.

சத்துவாச்சாரி மொட்டைமாடி:
கடலில் அது பெரும்பாலும் ஊமைதான். பேச்செல்லாம் ராத்திரியில், கூடு இருக்கும் பொந்தில். ஸ்டார்ம் பெட்ரல்களில் அந்தக் குரலே இனத்தைப் பிரித்துக் காட்டியதும் உண்டு. அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் இன்னொரு வகை ஸ்டார்ம் பெட்ரல்; வெயில்காலத்தில் ஒரு கூட்டம், குளிர்காலத்தில் ஒரு கூட்டம் முட்டையிடும். எல்லாம் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒன்றின் குரலைப் பதிவு செய்து மற்றதற்குப் போட்டால் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. மரபணுவும் அப்படியே சொன்னது. 2008இல் வெயில்காலப் பறவை 'மான்டீரோ' என்ற தனி இனமானது.

நான் ஏமாந்தது உங்களுக்கு நேர்மாறு. 2020இல் நிவர் புயல் மழை விட்டதும், மாடித் தண்ணீர்த் தொட்டியடியில் வெள்ளை இடுப்போடு ஒரு கறுப்புப் பறவை. கடல் 100 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது, புயல் தூக்கி வந்த பெட்ரல்தான் என்று வீடே அமர்க்களம். கையில் எடுத்துப் பார்த்தேன். பெட்ரலுக்கு அலகின்மேல் குழாய் மாதிரி மூக்கு இருக்கும், இதற்கு இல்லை. சவ்வும் இல்லை. நான்கு விரலும் முன்பக்கம் வளைந்து, கொக்கி போட்ட மாதிரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. உழவாரனேதான்!

காட்பாடி கப்பல்காரன்:
பிழைத்ததா?

சத்துவாச்சாரி மொட்டைமாடி:
செருப்பு டப்பாவில் வைத்திருந்து, வெயில் வந்ததும் உள்ளங்கையில் ஏந்தினேன். கேபிள் வயருக்கு அடியில் புகுந்து பறந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் சங்கடம்; தெரு முழுக்கக் கடல்பறவை வந்திருக்கிறது என்று சொல்லி முடித்திருந்தார்.