ஜப்பான் ஸ்கூலோட சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு புரொஜெக்ட்: எங்க இருந்து தொடங்குறது?

உப்புவெளி ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை டவுனுக்குக் கிட்ட ஒரு அரச பாடசாலையில தரம் 10க்குப் படிப்பிக்கிறன். ஜப்பான்ல கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒரு ஹைஸ்கூல்ல இருந்து, சேர்ந்து ஏதாவது செய்வமா எண்டு கேட்டு ஈமெயில் வந்திருக்கு, அங்க வேலை செய்யிற எங்கட பழைய மாணவி ஒராள்தான் தொடர்பு எடுத்துத் தந்தவ. எனக்குச் சரியான சந்தோசம், ஆனா ஸ்டாஃப் மீட்டிங்ல கதைச்ச உடனேயே விசயம் வேற பக்கம் போகுது, இங்கிலீஸ் நல்லாக் கதைக்கிற கொஞ்சப் பிள்ளைகளத் தெரிவு செய்வம், ஒரு பரதநாட்டியம் ஒரு கும்மி போடுவம், சூம்ல ஒரு மணித்தியாலம் காட்டி முடிப்பம் எண்டு சொல்லுறாங்க. அப்பிடிச் செஞ்சா வகுப்பில கடைசி வாங்கில இருக்கிற என்ட பிள்ளைகளுக்கு இதுல என்ன கிடைக்கும்? கடலுக்குப் போற குடும்பத்துப் பிள்ளைகள், தமிழ்ல கேட்டா எவ்வளவோ சொல்லுங்கள், இங்கிலீஸ் எண்ட உடனே வாய மூடிருங்கள். பெற்றோர் வேற எப்ப ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போவீங்க எண்டு இப்பவே கேக்குறாங்க. இது மாதிரி செஞ்ச ஆக்கள் கட்டாயம் சொல்லுங்க, எதைப் பற்றிச் செய்யலாம், எந்த மாசத்துல தொடங்கினா நல்லம்?

கிண்ணியா சேர்:
ரீச்சர், உங்கட பயம் நியாயமானது. நான் வேற ஒரு நாட்டுப் பாடசாலையோட செஞ்சனான், நடனம் பாட்டு எண்டு தொடங்கினா ரெண்டு பக்கமும் கைதட்டிப் போட்டுப் போயிரும், அடுத்த கிழமை கதைக்க ஒண்டும் இருக்காது. ரெண்டு கரைக்கும் பொதுவா ஒரு விசயம் வேணும். உங்களுக்கு அது கைக்குள்ளயே இருக்கு: சுனாமி. 2004 டிசம்பர் 26 எங்களுக்கு, 2011 மார்ச் 11 அவங்களுக்கு. இப்ப தரம் 10ல இருக்கிற ஒரு பிள்ளையும் 2004ல பிறக்கேல்ல, வீட்டில அம்மம்மா அப்பப்பாவிட்டக் கேட்டாத்தான் தெரியும், தண்ணி எது வரைக்கும் வந்தது, எந்த ரோட்டால ஓடினது, கடல் உள்ள இழுத்ததப் பாத்து ஆரு ஓடச் சொன்னது எண்டு. இந்தக் கதைகளத் தமிழ்லயே ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணட்டும். உங்கட கடைசி வாங்குப் பிள்ளைகள்தான் இதுல முன்னுக்கு வருவாங்க, ஏனெண்டா கடலப் பற்றி வீட்டில கதைக்கிறது அவங்கதான். ஒரு குழு ஊர் வரைபடம் கீறட்டும், ஒரு குழு வீடியோ எடுக்கட்டும், இங்கிலீஸ் தெரிஞ்ச பிள்ளைகள் கீழ ரெண்டு ரெண்டு வரி எழுதிக் குடுக்கட்டும். இங்கிலீஸ் ஒரு வேலை மட்டும்தான், சேர்றதுக்கு டிக்கெட் இல்ல. ஜப்பான் பிள்ளைகளுக்கும் அது வெளிநாட்டு மொழிதான், அவங்களும் கூச்சப்பட்டுக்கொண்டுதான் வருவாங்க.

அங்க ஒரு வரலாறு இருக்கு, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்க. 1854ல வகயாமா பக்கம் ஒரு கிராமத்துல நிலநடுக்கத்துக்குப் பிறகு சுனாமி வந்த இரவு, ஹமகுச்சி கோர்யோ எண்டவர் அறுத்து வச்சிருந்த நெல்லுப் போருக்கு நெருப்பு வச்சு, அந்த வெளிச்சத்துல ஊராக்கள மேட்டுக்கு வரப் பண்ணினவர். பிறகு அணைக்கட்டும் கட்டிக் குடுத்தவர். அந்த நாள வச்சுத்தான் 2015ல ஐநா நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக்கினது. 2016ல ஜப்பான் கொச்சி மாகாணத்துல குரோஷியோ எண்ட கடற்கரை ஊர்ல, பல நாட்டு ஹைஸ்கூல் பிள்ளைகளக் கூப்பிட்டு இதப் பற்றியே ஒரு மாநாடும் வச்சவங்க. அதால நீங்க நவம்பர் 5ஐ முடிவு நாளா வச்சு செப்டம்பர்ல தொடங்குங்க. மாரி மழை அடிச்சு ஊத்த முதலே முடிச்சிரலாம்.

ஒரு விசயம் கவனம், ஜப்பான்ல பள்ளி வருசம் ஏப்ரல்ல தொடங்கி மார்ச்ல முடியுது, அரச பாடசாலை ஆசிரியர்களுக்கு இடமாற்றமும் அந்த நேரத்துலதான் வரும். ஜனவரில தொடங்கி இழுத்தீங்க எண்டா பாதியில உங்களோட கதைச்ச ஆசிரியரே இருக்கமாட்டார். நேரம் பிரச்சினை இல்ல, அவங்க எங்களவிட மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, எங்கட பகல் பன்னிரண்டு மணிக்கு அங்க பின்னேரம் மூண்டரை, வகுப்பு முடிஞ்சு பிள்ளைகள் கழக வேலையில நிக்கிற நேரம். இங்கிலாந்து ஸ்கூல் எண்டா இது சரிவராது, குளிர்காலத்துல எங்கட ஒண்டரைக்கு ஸ்கூல் விட மணி அடிக்கேக்க அங்க காலம எட்டு. இருந்தாலும் சூம நம்பி இருக்காதிங்க, கரண்டும் நெட்டும் எங்கட கையில இல்ல. அனுப்புறதும் பதில் வாறதுமா ஓடட்டும், நேரடியா முதல்ல ஒருக்கா முகம் பாக்க, கடைசில ஒருக்கா.

மூதூர் அம்மா:
சேர் சொன்னது நல்லம், ஆனா ஒரு தாயா ஒண்டு சொல்லணும். எங்கட பக்கம் சுனாமியில ஆள் போகாத தெரு குறைவு. சில வீட்டில இண்டைக்கும் அதக் கதைக்கமாட்டாங்க. போய்க் கேட்டுக்கொண்டு வா எண்டு எல்லாப் பிள்ளைக்கும் ஹோம்வேர்க் மாதிரிக் குடுக்காதிங்க ரீச்சர், விரும்பின வீடு மட்டும் சொல்லட்டும், மற்றப் பிள்ளைகளுக்கு வரைபடம், கடற்கரை, அலாரக் கோபுரம் எங்க இருக்கு எண்டு பாக்கிற வேலை இருக்குத்தானே. ரெக்கோர்ட் பண்ணினா அனுப்ப முதல் அந்த வீட்டாக்கள் ஒருக்கா கேட்டு ஓம் சொல்லணும். அடுத்தது பிள்ளைகளிட சொந்த வட்ஸ்அப் நம்பர் ஒண்டும் அங்க போகக்கூடாது, எல்லாம் ஸ்கூல் ஈமெயிலால. படம் போடுறதுக்குப் பெற்றோரிட எழுத்துச் சம்மதம் எடுங்க. ஏதும் பிழையா நடந்தா சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையிட 1929 இருக்கு எண்டு பிள்ளைகளுக்கே சொல்லி வைங்க. முடிஞ்சா கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளையும் சேருங்களேன், ஒரே குடாவச் சுத்தி இருந்துகொண்டு எங்கட பிள்ளைகளே ஆளையாள் தெரியாம வளருதுகள்.

ரொறன்ரோ தம்பி:
நான் திருமலைதான், இப்ப கனடா. பயணத்தப் பற்றிக் கேட்டதுக்குச் சொல்லுறன். ரீச்சர், முதல் வருசம் பயணம் எண்ட சொல்லையே எடுக்காதிங்க, எடுத்தா எந்தப் பிள்ளை போகுது எண்டதுல ஊரே சண்டை பிடிக்கும், படிப்பு போயிரும். உண்மையான வழிகள் இருக்கு. ஜப்பான் அரசாங்கம் 2007ல தொடங்கின ஜெனசிஸ் எண்ட இளைஞர் பரிமாற்றத் திட்டம் இலங்கை இளைஞர்களயும் எடுத்திருக்கு, ரோட்டரி கழகத்திட இளைஞர் பரிமாற்றம் 15 வயசுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு, அங்க ஒரு குடும்பத்தோட தங்கிப் படிக்கிறது. திருமலையில ரோட்டரிக்காரரிட்டக் கேட்டா வழி சொல்லுவாங்க. ஆனா சர்வதேச மாணவர் மாநாடு, உங்கட பிள்ளை தெரிவாகிட்டுது, பதிவுக் காசு கட்டுங்க எண்டு ஃபேஸ்புக்ல வாறதுகளுக்குப் பெற்றோர் ஏமாறாம நீங்கதான் சொல்லணும், எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் நகைய அடகு வச்சுக் கட்டிப் போட்டு நிண்டது. கேக்கவே நெஞ்சு பதறிச்சு.

ஜப்பான் ஸ்கூல் இடையில விட்டுட்டா மனம் உடையாதிங்க. ஐ-ஏர்ன் எண்டு ஒரு வலையமைப்பு 1988ல நியூயோர்க், மொஸ்கோ பாடசாலைகள இணைச்சுத் தொடங்கினது, இப்ப இலங்கையிலயும் இருக்கு, அதுக்குள்ள வேற நாட்டு ஆசிரியர்களத் தேடலாம். சனிக்கிழமையில நடக்கிற புலம்பெயர் தமிழ்ப் பள்ளிகளும் இருக்கு, இங்க காலம ஒன்பது எண்டா உங்களுக்குக் காலத்தப் பொறுத்துப் பின்னேரம் ஆறரை இல்லாட்டி ஏழரை.

இன்னொண்டு, 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் எங்கட துறைமுகத்துல குண்டு போட்டதையும் பிள்ளைகள் பேசணும் எண்டு எனக்கு ஆசை. நிலாவெளி ரோட்டில யுத்த மயானம் இருக்கு, தினமும் அதத் தாண்டித்தானே போறாங்க. 1951ல சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுல இலங்கை சார்பா ஜே.ஆர். ஜெயவர்தன ஜப்பானிட்ட யுத்த நட்டஈடு வேணாம் எண்டு சொன்னது ஜப்பான்ல இண்டைக்கும் மரியாதையாச் சொல்லுற கதை. ரெண்டையும் சேர்த்து வச்சா பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு யோசிக்க இருக்கு! ஆனா அது ரெண்டாம் வருசத்துக்கு, ஆளையாள் பழகின பிறகு.

உப்புவெளி ரீச்சர்:
எல்லாருக்கும் சரியான நன்றி. மூதூர் அம்மா சொன்னதப் படிச்சுப்போட்டுக் கொஞ்சநேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தன், விரும்பின வீடு மட்டும் எண்டதக் கட்டாயம் வைப்பன். வகுப்பு முழுக்கச் சேரும், தெரிவு இல்ல, இத அதிபரிட்டச் சொல்லத் துணிஞ்சிட்டன். கிண்ணியா சேர், வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு எழுதுற கடிதம் எப்பிடி இருக்கணும்?

கிண்ணியா சேர்:
அதிபரிட கையெழுத்தோட, எந்தத் தரம், எத்தனை பிள்ளை, எந்தப் பாடத்தோட சம்பந்தம், எந்த ஆசிரியர் பொறுப்பு, பிள்ளைகளிட விபரம் வெளிய போகாது எண்டது, இவ்வளவும் ஒரு பக்கத்துல வரட்டும். ஜப்பான் ஸ்கூல் ஈமெயில்ட தமிழாக்கமும் சேர்த்து வைங்க. என்ட பழைய கடிதத்த இன்பொக்ஸ்ல அனுப்புறன், பெயர மட்டும் மாத்துங்க. கிண்ணியாவில இருந்து என்ட வகுப்பும் வரும் ரீச்சர், ஜப்பானுக்குப் பதில் எழுதேக்க அதையும் சேர்த்து எழுதுங்க.