கோழியும் வேண்டும், காய்கறித் தோட்டமும் வேண்டும்: வழி சொல்லுங்கள்

மூக்கனேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம். பின்னால் 3 சென்ட் இடம் சும்மா கிடந்தது. ஆடியில் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் போட்டு, ஓரத்தில் அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்தோம். பொழுது சாய்ந்தால் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு குடத்தோடு அங்கேதான் நிற்போம், பிள்ளைகள் உட்பட.

புரட்டாசியில் அத்தை அவருடைய ஊரிலிருந்து 6 சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டையும் ஒரு சேவலும் கொண்டுவந்தார். பதினைந்தே நாளில் கீரைப்பாத்தி இருந்த இடம் தெரியவில்லை. மூடாக்குக்குப் போட்ட சருகையெல்லாம் கிளறி, கத்தரி வேரை வெளியே எடுத்துப் போட்டுவிட்டன. மிளகாய்த்தூளைக் கரைத்துத் தெளித்தால் கிட்டே வராது என்று யாரோ சொன்னார்கள், தெளித்தேன். அன்றைக்கே ஒரு கோழி மிளகாய்ச் செடியில் பழுத்திருந்ததைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. சரி, எருவாவது ஆகட்டும் என்று கூட்டடியிலிருந்து அள்ளித் தக்காளித் தூரில் வைத்தேன், இலை ஓரம் கருகி மூன்று செடி போய்விட்டன.

கோழிகளை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். அத்தை ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் தினமும் காலையில் முதல் முட்டையைச் சின்னவன் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு விற்க மனம் வரவில்லை. தோட்டத்தையும் விட முடியாது. இந்தச் சின்ன இடத்தில் இரண்டையும் வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

வாழப்பாடி பந்தல்:

அக்கா, விற்காதீர்கள். எங்கள் வீட்டிலும் முதல் வருடம் இதே கதைதான்.

முதலில் மிளகாய். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. எவ்வளவு தெளித்தாலும் பயனில்லை. எரு விஷயத்தில், கோழி எச்சத்தில் மாட்டுச் சாணத்தைவிடத் தழைச்சத்து ரொம்ப அதிகம், பச்சையாக வைத்தால் சூடு தாங்காமல் வேர் வெந்துபோகும். கூட்டில் தேங்காய் நார்க்கழிவோ நெல் உமியோ பரப்பி, எச்சத்தோடு சேர்த்து வாரி, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, இது ஒரு அடுக்கு என்று குழியில் போட்டு லேசாக ஈரம் காட்டிக்கொண்டே வாருங்கள். நடுவில் இரண்டு முறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் மண் வாசனை வரும். அதற்குப் பிறகு எந்தச் செடிக்கும் வைக்கலாம்.

இனி வேலி. கட்டைச் சட்டம் அடித்து வலை கட்டினால் சிறுவிடை அந்தச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்து உள்ளே குதித்துவிடும். 5 அடி உயரத்துக்கு நைலான் வலையைக் கட்டி, மேல் விளிம்பைத் தொளதொளவென்று விடுங்கள். காலூன்ற இடம் இல்லாவிட்டால் ஏறாது. அப்படியும் பறக்கிற கோழிக்கு ஒரு பக்க இறக்கையின் நீளச் சிறகுகளை மட்டும் நுனியில் கத்தரித்துவிட்டால் போதும், வலிக்காது, ரத்தக்குருத்து இருக்கிற இளஞ்சிறகை மட்டும் தொடக்கூடாது.

அப்புறம், கோழி பாத்திக்குள் போவது தீனிக்கு மட்டுமில்லை. நீங்கள் தண்ணீர் விட்டுப் பொலபொலவென்று வைத்திருக்கிற மண் அதற்குப் புரண்டு குளிக்கத் தோதான இடம். வேலிக்கு வெளியே இரண்டடி அளவில் ஒரு குழி பறித்துக் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து போட்டுவையுங்கள், வேப்பிலைத்தூள் கொஞ்சம் சேர்த்தால் பேனும் குறையும். நாங்கள் அந்தக் குழி போட்ட பிறகு பாதித் தொல்லை குறைந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கூட்டின் மேல் போட்ட பந்தல். தை பிறந்ததும் பீர்க்கு, புடலை விதை ஊன்றி, கொடியைக் கூட்டுக் கூரை மேல் ஏற்றிவிடுவோம். தண்டு தடிக்கும் வரை தூரில் பழைய பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைப்போம். பங்குனி, சித்திரையில் நம் ஊர் வெயிலில் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது அந்த நிழல்தான் அதைக் காப்பாற்றுகிறது. காய் கோழிக்கு எட்டாது, கீழே விழுகிற புழு கோழிக்குத் தீனி.

---

சேர்வராயன் சாரல்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை, குளிரும் ஈரமும்தான். பஞ்சாரத்துக்குள் குஞ்சு ஈரத்தில் நின்றால் ரத்தக்கழிச்சல் வந்துவிடும், அதனால் மழைக்காலத்தில் கூட்டுத் தரையைக் காயவைப்பதே எங்களுக்குப் பெரிய வேலை.

கோழியைத் தோட்டத்தில் விடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் பீன்ஸ் பாத்தியில் கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஒரு வாரம் கோழிகளை உள்ளே விட்டுவிடுவோம், கூட்டுப்புழு, களைவிதை, நத்தைக்குஞ்சு எல்லாவற்றையும் பொறுக்கிவிடும், மண்வெட்டி போட்டுக் கொத்தும் வேலையில் பாதி முடிந்துவிடும். செடி நிற்கும்போது என்றால் முற்றிய கத்தரி, வெண்டைக்கு நடுவில் அந்தி சாய ஒரு மணி நேரத்துக்கு முன்பு திறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் முதலில் பூச்சியைத்தான் தேடும், இலைக்கு வருவதற்குள் இருட்டிவிடும், தானாகவே கூட்டுக்குத் திரும்பிவிடும். நாற்றுப் பருவத்தில் மட்டும் விடவே கூடாது.

வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோயை மறந்துவிடாதீர்கள். போன கோடையில் எங்கள் வீட்டில் 14 கோழிகளில் 11 நான்கே நாளில் போயின. சந்தையிலிருந்து வாங்கிய ஒரு சேவலை அன்றைக்கே மற்றதோடு சேர்த்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. புதிதாக வருவதை இரண்டு வாரமாவது தனியே வைக்கவேண்டும். இந்த நோய்க்குத் தடுப்பாகக் குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8 வாரத்துக்கு மேல் இறக்கையடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எந்த நாள் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். மருந்து வாங்கி வந்து வீட்டிலேயே போடுவதானால் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவாருங்கள். சூடு பட்டால் போட்டும் பயனில்லை.

இன்னொன்று. எங்கள் ஊரில் பட்டர் ஃப்ரூட் மரம் நிறைய. அதன் இலை, தோல், கொட்டை எதையும் கோழிக்குப் போடாதீர்கள், நஞ்சு. கீழே உங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அதிகம், அதன் பச்சைத்தோலும் பச்சை இலையும் அப்படித்தான், அதில் சயனைடு இருக்கிறது.

---

கோரிமேடு வாசகர்:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தியில் ஒரு மணி நேரம் விட்டாலும் கோழி எச்சம் இடத்தான் செய்யும். கத்தரி, வெண்டை சமைத்துச் சாப்பிடுவது, பரவாயில்லை. கொத்தமல்லி, புதினா, பச்சையாகக் கடிக்கிற வெள்ளரி, தக்காளி இருக்கிற பாத்தியில் பச்சை எச்சம் படவே கூடாது, அதில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வீட்டில் சின்னப்பிள்ளை இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பச்சை எச்சம் விழுந்த நாளுக்கும் மண்ணை ஒட்டி விளைகிறதைப் பறிக்கிற நாளுக்கும் நாலு மாத இடைவெளி விடுவது நல்லது. முட்டை பொறுக்கியதும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

---

சேர்வராயன் சாரல்:

சரிதான், அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் மல்லி, புதினா எல்லாம் திண்ணையில் தொட்டியில்தான்.

---

மூக்கனேரிக்கரை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, நாள் முழுக்க வேலை. கீரையையும் தக்காளியையும் ஒரு பக்கமாக ஒதுக்கி நிரந்தரமாக வலை கட்டிவிட்டோம், அங்கே கோழிக்கு வழியே கிடையாது. கத்தரி, வெண்டைப் பக்கம் மட்டும் ஒரு படல் வைத்திருக்கிறோம், அதைச் சாயங்காலம் திறப்பது பெரியவள் பொறுப்பு. சாம்பல் குழியை அத்தை தானே பறித்தார். பாதி பறிக்கும்போதே ஒரு கோழி வந்து படுத்துவிட்டது, கணவர் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். விற்கும் பேச்சை அவர் இன்று எடுக்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். கருப்புப் பெட்டை ஒன்று மூன்று நாளாகக் கூட்டை விட்டு இறங்கவில்லை, கிட்டே போனால் சிலிர்த்துக்கொள்கிறது. அடை வைக்கலாமா, எத்தனை முட்டை?

---

வாழப்பாடி பந்தல்:

வையுங்கள் அக்கா. சிறுவிடைக்கு 9 அல்லது 10 போதும், அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு சேராது. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பாருங்கள், ஃப்ரிட்ஜில் வைத்தது வேண்டாம். கூடையில் மணலும் அதன் மேல் வைக்கோலும் போட்டு, இருட்டான மூலையில் வைத்து, இருட்டிய பிறகு கோழியை மாற்றுங்கள். 7ஆம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் கரு பிடித்ததில் ரத்தநாளம் சிலந்திவலை மாதிரி தெரியும், தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் குஞ்சு வரும். தண்ணீரும் குருணையும் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும்.