மேனேஜருக்குத் தமிழ்: மேலாளரா, பயிற்றுநரா, ஏனாதியா?

துணைவரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அவசர உதவி வேண்டும்.

லண்டன் கால்பந்து ரசிகர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் துணைவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். காட்சி நடப்பது 2019 நவம்பரில். ஆர்சனல் ரசிகர்கள் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பக்கத்து எதிரியான டாட்டனம் படும் பாட்டைப் பேசிப் பேசி மகிழ்கிறார்கள். புது அரங்கம் வந்தது, கெட்ட காலமும் கூடவே வந்தது என்பதுதான் பேச்சின் சாரம்.

அதில் ஒருவர் டாட்டனம் அணியை நடத்திய போச்செட்டினோவைப் பற்றிச் சொல்கிறார்: "2014இல் ஹெட் கோச்சாக எடுத்தார்கள். 2016இல் மேனேஜர் ஆக்கினார்கள். இப்போது ரெண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்." மேசையே அதிரச் சிரிக்கிறார்கள்.

படம் முழுக்க இரண்டுக்கும் 'பயிற்சியாளர்' என்றே போட்டுக்கொண்டு வந்தேன். இங்கே மாட்டிக்கொண்டேன். "பயிற்சியாளராக எடுத்தார்கள், பயிற்சியாளர் ஆக்கினார்கள்" என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? இரண்டு சொல் வேண்டும். வரி திரையில் நிற்பது மூன்றே நொடி, ஆகவே சின்னச் சொல்லாக வேண்டும்.

கூடவே இன்னொன்று: 'ஸ்டேடியம் மூவ்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

வடகோடி எழுதியது:

இதில் என்ன குழப்பம்? கோச் பயிற்சியாளர், மேனேஜர் மேலாளர். முடிந்தது.

வித்தியாசம் தெரியாதவர்களுக்காக: பழைய இங்கிலாந்து வழக்கப்படி மேனேஜர் என்பவர் பயிற்சி மட்டும் கொடுப்பவர் அல்ல. யாரை வாங்குவது, யாரை விற்பது, சனிக்கிழமை யார் இறங்குவது, எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். எங்கள் ஆர்சனலில் வெங்கர் 1996இலிருந்து 2018வரை அப்படித்தான் இருந்தார். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் ஹெட் கோச் என்பவர் கொடுத்த ஆட்களை வைத்து ஆட்டத்தை நடத்துவார், வாங்குவதும் விற்பதும் இன்னொருவர் வேலை. இப்போது இங்கிலாந்திலும் பல கிளப்புகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன.

இது வெறும் பெயர் விளையாட்டும் அல்ல. எங்கள் ஆர்டெட்டாவும் 2019 டிசம்பரில் ஹெட் கோச்சாக வந்து 2020 செப்டம்பரில்தான் மேனேஜர் ஆனார். ஆனால் அவர் தப்பித்துவிட்டார், அதனால் அவரை வைத்து ஜோக் இல்லை.

உரைமேற்கோள் எழுதியது:

அன்பர்களே, 'மேலாளர்' என்றதும் எனக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காசோலையில் கையெழுத்துப் போடுகிற வங்கிக்காரர்தான் தெரிகிறார். கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறவரை அந்த நாற்காலியில் உட்காரவைக்க முடியுமா?

'பயிற்சியாளர்' அதைவிட மோசம். பயிற்சி கொடுப்பவரா, பெறுபவரா? இரண்டு பொருளுக்கும் இன்று இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கொடுப்பவர் பயிற்றுநர். பயிற்று என்னும் பிறவினையிலேயே இன்னொருவரைப் பயிலச் செய்வது அடங்கிவிட்டது. அதை வைத்துக்கொள்ளுங்கள். நர் என்று எழுதவும், னர் என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மேனேஜருக்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டுப் பழைய சொல் இருக்கிறது: ஏனாதி. படைத்தலைவனுக்கு அரசன் கொடுக்கும் பட்டம். அதற்கு அடையாளமாக ஏனாதி மோதிரம் அணிவிப்பார்கள். பட்டம் என்பதைக் கவனியுங்கள். துணைவரி அம்மையார் சொன்ன கதையிலும் அதுதானே நடக்கிறது? அதே ஆள், அதே வேலை, பட்டம் மட்டும் கூடுகிறது.

இன்னும் கேளுங்கள். பெரியபுராணத்தில் ஏனாதிநாத நாயனார் என்ன தொழில் செய்தார்? எயினனூரில் வாட்பயிற்சி கொடுத்தார். அதே தொழில் செய்த தாயாதி அதிசூரனுக்கு நாளுக்கு நாள் வருமானம் இறங்கியது, நாயனாரிடம் கூட்டம் கூடியது. பொறுக்கமாட்டாமல் ஆள் திரட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். தோற்றான். பிறகு நெற்றியில் நீறு பூசி, கேடயத்தால் அதை மறைத்துக்கொண்டு மறுபடி வந்தான். நீற்றைக் கண்டதும் நாயனார் கொல்ல மனமில்லாமல் நின்றார். வாளை மட்டும் கீழே போடவில்லை. ஆயுதம் இல்லாதவரைக் கொன்றான் என்ற பழி அவனுக்கு வரக்கூடாதாம்! ஒரே வட்டாரம், ஒரே தொழில், இரண்டு ஆசான்கள், ஒருவர் தாழ மற்றவர் உயர்வது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

சேவற்கொடியோன் எழுதியது:

ஐயா, நான் டாட்டனம் ரசிகன். என் பெயரைப் பார்த்து முருக பக்தன் என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும். எங்கள் சின்னத்தில் பந்தின்மேல் நிற்பது சேவல், அந்தக் கொடிதான் இது.

கதை அருமை, அதில் நாங்கள் யார் என்பதில்தான் சிக்கல். வடகோடி அண்ணன் எங்களை அதிசூரன் ஆக்கக் காத்துக்கொண்டிருப்பார். அந்த நவம்பரில் எங்கள் நிலை என்ன? ஜூன் 1ஆம் தேதி மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் ஆடியவர்கள் நாங்கள். லிவர்பூலிடம் 0-2 தோற்றோம், ஆனாலும் ஆடினோம். அக்டோபர் முதல் தேதியே புது அரங்கில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் வந்து ஏழு கோல் போட்டுவிட்டுப் போனது. நவம்பர் 19இல் பிரீமியர் லீக்கில் 14ஆம் இடம். அன்றே போச்செட்டினோ போனார், மறுநாள் மொரின்யோ வந்தார். பிணம் எடுக்குமுன் மறுகல்யாணம். அந்த மேசையில் ஏன் சிரித்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது, வலிக்கவும் வலிக்கிறது.

சொல்லுக்கு வருவோம். ஏனாதி தூய தமிழா? சேனாபதி தேய்ந்துதான் ஏனாதி ஆனது என்று சொல்பவர்கள் உண்டே?

உரைமேற்கோள் எழுதியது:

உண்டு. சொல்பவர்கள் சொல்லட்டும். சகரம் ஒழிந்து உயிர் நிற்பது தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் நடுவில் நின்ற 'ப' எங்கே போனது? 'ஏனம்' என்றால் கருவி, கலம் என்றொரு பொருள் உண்டு. படைக்கலத்துக்கு ஆதியாக நிற்பவன் ஏனாதி. 'ஏண்' என்றால் வலிமை. அந்த வழியிலும் போகலாம். விரித்து எழுதினால் பத்துப் பக்கம் வரும்.

வடகோடி எழுதியது:

வேண்டாம் ஐயா. 'ஆதி'யும் வடசொல்தான் என்று யாராவது தொடங்குவதற்குள் நிறுத்திக்கொள்வோம். படம் பார்ப்பவருக்கு மூன்று நொடி இருக்கிறது. அதற்குள் ஏனாதி யார் என்று தேடிப் பிடித்து, நாயனார் கதையைப் படித்து, சிரித்து முடிப்பதற்குள் மொரின்யோவையே அனுப்பியிருப்பார்கள்.

யாழ்வழி எழுதியது:

வணக்கம். நீங்கள் எல்லாரும் எங்களை மறந்துவிட்டீர்கள். இலங்கையில் மேனேஜருக்கு முகாமையாளர் என்பது நெடுநாளாக இருக்கிறது. வங்கிக் கதவிலும் அதுதான், விளையாட்டுச் செய்தியிலும் அதுதான். கோச் பயிற்றுவிப்பாளர். கால்பந்து என்றும் நாங்கள் சொல்வதில்லை, உதைபந்தாட்டம். புதிதாக ஏன் அடித்துத் துவைக்கிறீர்கள்? இருக்கிறதை எடுங்கோ.

உரைமேற்கோள் எழுதியது:

முகாம் அரபிச் சொல் அல்லவா? கூடாரம் அடித்து உட்காருகிறவர் என்றல்லவா ஆகிறது?

யாழ்வழி எழுதியது:

ஐயா, முகாமை வேறு, முகாம் வேறு. முகம், முகமை, முகாமை என்று எங்கட பள்ளிக்கூட வாத்தியார் சொல்லித் தந்தவர். அவர் பிழையாகச் சொன்னாரோ சரியாகச் சொன்னாரோ, முகாமைத்துவம் என்று பாடப்புத்தகமே இருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கினவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேர் வெட்டிப் பார்த்துத்தான் நிழலில் இருக்க வேண்டுமோ?

சேவற்கொடியோன் எழுதியது:

வாத்தியார் என்றீர்களே, நல்ல சொல்! சிலம்பம் கற்றுக்கொடுப்பவர் வாத்தியார். இங்கிலாந்தில் ஆட்டக்காரர்கள் மேனேஜரை 'காஃபர்' என்று கூப்பிடுவார்கள், வயதில் மூத்தவரைச் சொன்ன பழைய பேச்சுச் சொல். அந்தப் பாசமும் பயமும் வாத்தியாரில் இருக்கிறது. "கோச்சாக எடுத்தார்கள், வாத்தியார் ஆக்கினார்கள்."

துணைவரி எழுதியது:

'காஃபர்' வருகிற இடங்களில் வாத்தியார் போட்டுப் பார்த்தேன், உட்கார்கிறது, நன்றி. உரைமேற்கோள் ஐயா உபாத்தியாயரைத் தோண்டி எடுப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த ஜோக்குக்கு ஆகாது. இங்கே அலுவலக வாசனை வேண்டும், பதவி உயர்வு ஆணை கிடைத்த மாதிரி.

ஒருவர் தனிமடலில் 'அணி நடத்துநர்' என்று அனுப்பியிருந்தார். படித்ததும் தோளில் பையும் கையில் டிக்கெட்டுமாகப் போச்செட்டினோ வந்து நின்றார். வேண்டாம்.

ஸ்டேடியம் மூவ் என்ன ஆயிற்று? 'அரங்க இடப்பெயர்வு' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன்.

யாழ்வழி எழுதியது:

தங்கச்சி, அதை உடனே எடுங்கோ. எங்கட ஆட்களுக்கு இடப்பெயர்வு என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கையில் அகப்பட்டதோடு ஓடினது. நூறு கோடி பவுண்டு அளவில் செலவழித்து மாளிகை கட்டி உள்ளே போனவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கேலாது.

துணைவரி எழுதியது:

எடுத்துவிட்டேன் அண்ணா. எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

உரைமேற்கோள் எழுதியது:

வலசை எனலாம். பகைக்கு அஞ்சி ஊர் விட்டு ஊர் போவதுதான் முதற்பொருள். இப்போது பறவைகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்.

சேவற்கொடியோன் எழுதியது:

சேவல் வலசை போகாது ஐயா.

அதைவிட முக்கியமாக, நாங்கள் எங்கேயும் போகவே இல்லை! 1899இலிருந்து ஆடிய ஒயிட் ஹார்ட் லேனை 2017இல் இடித்து, அதே மனையில்தான் புது அரங்கத்தைக் கட்டினோம். நடுவில் வெம்பிளியில் வாடகைக்கு இருந்தோம். 2019 ஏப்ரல் 3இல் கிரிஸ்டல் பேலஸுடன் முதல் ஆட்டம், முதல் கோல் சன் ஹியூங்-மின் அடித்தது. இடம் மாறியவர்கள் யார் என்று வடகோடி அண்ணனைக் கேளுங்கள். தேம்ஸுக்குத் தெற்கே இருந்தவர்கள் 1913இல் ஆற்றைக் கடந்து வந்து எங்கள் வாசலில் குடியேறினார்கள். இந்தப் பகைக்கு வேரே அங்கேதான் இருக்கிறது.

வடகோடி எழுதியது:

நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது தம்பி, இன்னும் வந்தேறி என்கிறாயே. சரி, மனை மாறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டடம் கட்டப்போய்க் கழகம் காய்ந்ததா இல்லையா? 2018 கோடையில் ஒரு ஆட்டக்காரரைக்கூட வாங்கவில்லை. ஆட்களை வாங்க விற்க கோடைக் கெடு என்று 2003இல் வந்ததிலிருந்து, பிரீமியர் லீக்கில் அதற்குமுன் எந்தக் கிளப்பும் ஒரு கோடையை அப்படிக் கழித்ததில்லை. பழைய ஆட்களையே ஓட்டி ஓட்டிக் களைக்கவைத்துவிட்டு, கடைசியில் தலையை உருட்டியது வாத்தியாருடையதை. எதிரியாக இருந்தாலும் எனக்கே பாவமாக இருந்தது. ஒரு பத்து நிமிடம்.

சேவற்கொடியோன் எழுதியது:

நீங்கள் 2006இல் உங்கள் பழைய அரங்கமான ஹைபரியை விட்டுப் போனபின் 2014வரை ஒரு கோப்பையும் தூக்கவில்லையே, அது எதனால் காய்ந்தது? உங்கள் மேனேஜரை மட்டும் யாரும் அனுப்பவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

துணைவரி எழுதியது:

சண்டையிலும் எனக்கு ஒன்று கிடைத்தது. இடித்துவிட்டு அதே மனையில் கட்டி உள்ளே போனால் அதற்குத் தமிழில் சொல் இருக்கிறதே, புதுமனை புகுவிழா! "ஸ்டேடியம் மூவால் வந்த வினை" என்று ஒருவர் சொல்கிற இடத்தில் "புதுமனை புகுந்த நேரம் சரியில்லை" என்று போட்டேன். மற்ற இடங்களில் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையாக எழுதுகிறேன்: "புது அரங்குக்குக் குடிபோனபின்", "குடிபோன வருடம்". கலைச்சொல்லே தேவைப்படவில்லை.

உரைமேற்கோள் எழுதியது:

குடிபோதல் நன்று. அரங்குக்கு 'செண்டுவெளி' என்றொரு அழகிய சொல் உண்டு. குதிரை பழக்கும் வெளி.

வடகோடி எழுதியது:

ஐயா!!

துணைவரி எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. வாக்கெடுப்பு மாதிரிப் பார்த்தால் மேலாளர் ஐந்து, முகாமையாளர் மூன்று, ஏனாதி ஒன்று. வரி இப்படிப் போகிறது:

"பயிற்றுநராக எடுத்தார்கள். மேலாளர் ஆக்கினார்கள். இப்போது ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்."

இலங்கைப் பார்வையாளர்களுக்குத் தனிப் பிரதி கேட்டால் முகாமையாளர் போடுகிறேன், யாழ்வழி அண்ணா கோபிக்க வேண்டாம். மேலாளரில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை. இருந்தாலும் சத்தமாக வாசித்தபோது பக்கத்து அறையிலிருந்து என் மகன் சிரித்தான், அது போதும்.

உரைமேற்கோள் எழுதியது:

பயிற்றுநர் நின்றதில் மகிழ்ச்சி. மேலாளருக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க.

துணைவரி எழுதியது:

மன்னிக்கவும், மறுபடி நான்தான். கடைசிப் பத்து நிமிடத்தை இப்போதுதான் திறந்தேன். அதே மேசை, அதே நான்கு பேர், யாரும் சிரிக்கவில்லை. நவம்பர் 29. ஆர்சனல் தங்கள் ஹெட் கோச் எமெரியை அனுப்பிவிட்டது, லுங்பெரி தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறார். 'கேர்டேக்கர்' என்கிறார்கள். என்ன போடுவது?

சேவற்கொடியோன் எழுதியது:

பத்தே நாள்! இந்தச் சொல்லுக்காக வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருகிறேன். காபந்து அரசு என்று செய்தித்தாளில் எழுதுவார்களே, அந்தக் காபந்து. கால்பந்துக்குக் காபந்து, எதுகைக்கு எதுகையும் ஆயிற்று.

வடகோடி எழுதியது:

'இடைக்கால' போதும். எதுகை வேண்டாம்.

உரைமேற்கோள் எழுதியது:

காபந்து தமிழ்ச்சொல்லே அன்று. இடைக்கால ஏனாதி.