முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு நினைவுகள் சேர்ப்பது எப்படி?

உவர்மலைத் தம்பி:
வணக்கம். அம்மா தவறி இன்றோடு ஒன்பது நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை திருகோணமலைக் கன்னியாவில், அன்று மத்தியானம் வீட்டில் கல்வெட்டு (நினைவு மலர்) வெளியீடு. சொந்தக்காரர் மூதூர், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ என்று நாலு திக்கிலும். வட்ஸ்அப் குழுவில் "அம்மாவைப் பற்றி எழுதி அனுப்புங்கோ" என்று போட்டேன். வந்தது நாலு, நாலும் "அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம்". எந்த அம்மாவுக்கும் பொருந்தும். பழைய படங்களோ அல்பத்தில் ஒட்டிப்போய்க் கிடக்கு. இருக்கிற நாளுக்குள் இதை உருப்படியாகச் செய்ய எங்கேயிருந்து தொடங்க?

சல்லிக்கடல்:
தம்பி, எழுதக் கேட்டால் ஆரும் இரங்கற்பாதான் அனுப்புவினம். கதைக்கக் கேளுங்கோ. குழுவில் இல்லை, ஒவ்வொருவருக்கும் தனியாக, அவருக்கு மட்டும் விடை தெரிந்த ஒரேயொரு கேள்வி. பெரியம்மாவிடம், "பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் நடப்பீங்கள், ஆர் முன்னுக்கு?" பக்கத்து வீட்டு அக்காவிடம், "மதிலுக்கு மேலால் என்ன என்ன கைமாறும்?" பேரப்பிள்ளைகளிடம், "அம்மம்மா ஏசினால் என்ன சொல்லி ஏசுவா?" மூன்று நிமிடக் குரல் பதிவு போதும். "அவ நல்லவ" என்று தொடங்கினால் மறியாதேங்கோ. முடிந்த பிறகு, "அப்படி ஒருநாள் நடந்ததைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் அப்போதுதான் கதை வரும்.

வயதானவர்களிடம் போனில் கேட்காமல் நேரே போங்கோ, கையில் ஒரு பழைய படத்தோடு. படத்தில் நிற்கும் மற்றவர்கள் ஆரென்று கேட்டாலே பேச்சு தானாக ஓடும். போனை மடியில் வைக்க வேண்டாம், சீலை உரசும் சத்தம்தான் பதியும். மேசையில், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்து ஃபானை நிறுத்துங்கோ. வெக்கைதான், என்ன செய்ய.

மூன்று நிமிடப் பேச்சை எழுத்தாக்க இருபது நிமிடம் பிடிக்கும். அதில் 100, 120 சொல்லை எடுத்தால் போதும். தயவுசெய்து செந்தமிழாக்கிவிடாதேங்கோ. "மீன் வெட்டினால் பூனைக்குத் தலையைப் போட்டிட்டுத்தான் கத்தியைக் கழுவுவா" என்று ஒருவர் சொன்னதை "எவ்வுயிர்க்கும் அன்பு பூண்டவர்" என்று திருத்தினால் அம்மாவும் போயிடுவா, பூனையும் போயிடும்.

இன்னொன்று. 90 இடப்பெயர்வும் 2004 சுனாமியும் எங்கட ஊர்ப் பேச்சில் வராமல் இராது. அழுதால் பதிவை நிறுத்துங்கோ. அப்படிப்பட்ட பகுதியை, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி அவர் ஓமென்ற பிறகே அச்சுக்குக் கொடுங்கோ. கலியாண வருடத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பதிவுச் சான்றிதழைப் பாருங்கோ.

படப்பெட்டி:
ஒட்டிய படத்தை மூலையில் பிடித்து இழுக்கக் கூடாது, மேற்பூச்சு உரிந்து வரும். பல் இடுக்குத் துப்புரவாக்கும் நூலை, கிடைக்காவிட்டால் மெல்லிய தங்கூசியை (நைலோன் மீன்பிடி நூலை), படத்துக்கும் தாளுக்கும் இடையில் விட்டு வாள் அறுக்கிற மாதிரி மெதுவாக இழுங்கோ. மசியவில்லையென்றால் விடுங்கோ, அல்பத்தோடே படம் பிடிக்கலாம். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிய படத்தைத் தொடவே வேண்டாம். கடல்காற்று ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் கண்ணாடியோடு பிடித்துவிடும், பிரித்தால் முகம் கண்ணாடியில் நிற்கும். கண்ணாடியோடு ஸ்கான் செய்யுங்கோ.

போனால் எடுப்பதென்றால் ஜன்னலோர நிழல், ஃபிளாஷ் இல்லாமல், போன் படத்துக்குச் சமாந்தரமாக. கண்ணாடி இருந்தால் கறுப்புச் சட்டை போட்டு நின்று எடுங்கோ, வெள்ளைச் சட்டை பிரதிபலிக்கும். ஏ5 முழுப் பக்கப் படத்துக்குக் கிட்டத்தட்ட 1750 × 2480 பிக்சல் வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் இரட்டிப்பு அளவில் தெளிவாக அச்சிடலாம். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களை டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கோ. படமாக அனுப்பினால் வட்ஸ்அப் சுருக்கிவிடும், அச்சில் மூக்கும் முழியும் கலங்கிப்போகும். படத்தின் பின்னால் பெயர் எழுதப் பென்சில், பேனை வேண்டாம்.

அச்சுக்கூடத்தான்:
நாள் கணக்கைச் சொல்கிறேன். இருபதாம் நாள் எழுத்து முழுக்கக் கையில், இருபத்திமூன்றுக்குள் புரூஃப், இருபத்தெட்டில் புத்தகம். ஐயரிடம் அந்தியேட்டித் திகதியை முதலில் உறுதி செய்யுங்கோ. தவறிய நாளையே முதலாம் நாளாக எண்ணுகிறவர்கள் கணக்கில் திகதியோடு 31ஐக் கூட்டினால் ஒருநாள் பிந்திவிடும்.

நடுவில் கம்பி அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் 4இன் மடங்காக இருக்க வேண்டும்: 28, 32, 36. முப்பது பக்கம் என்று கொண்டுவந்தால் இரண்டு வெற்றுப் பக்கம் விழும். 11 புள்ளி எழுத்தில் ஏ5 பக்கத்துக்கு ஏறக்குறைய 180 சொல். பஞ்சபுராணம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் போக நினைவுகளுக்கு எத்தனை பக்கம் மிஞ்சுமென்று முதலே பாருங்கோ. பஞ்சபுராணத்தில் வரும் தேவாரத்துக்குக் கோணமாமலைப் பதிகத்தில் ஒன்றை எடுங்கோ, எங்கட ஊர்.

நீங்கள் யுனிகோடில் தட்டியதை அச்சகம் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு எழுத்துகளும் கிரந்தமும் குழம்பும். புரூஃபில் 'கொ', 'கோ', 'ஸ்ரீ', 'க்ஷ' வரும் சொற்களைத் தேடிப் பார்க்கவும். வம்சாவளியைக் குடும்பத்துக்கு வெளியே ஒருவரும் உள்ளே ஒருவரும் வாசிக்க வேண்டும். வெளியாள் எழுத்துப்பிழை பிடிப்பார், விடுபட்ட மருமகனைப் பிடிக்க உள்ளாள்தான் வேண்டும். எல்லாரும் முதலில் புரட்டுகிற பக்கம் அதுதான், பெயர் விடுபட்டால் பத்து வருசத்துக்குக் கதை இல்லை.

உவர்மலைத் தம்பி:
மிக்க நன்றி அண்ணாமார். திதி வெண்பாவில் (தவறிய திதியைச் சொல்லும் பாட்டில்) ஒரு சிக்கல். அம்மா பின்னேரம் 6.40க்குத் தவறினவ. ஒரு கலண்டரில் தசமி, மற்றதில் ஏகாதசி. எதைப் போட?

வெண்பாக்காரன்:
திதி நள்ளிரவில் மாறுவதில்லை. ஒரு திதி 19 மணித்தியாலத்திலிருந்து 26 வரை நீளும், எந்த நேரத்திலும் மாறலாம். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையில் சில மணித்தியால வித்தியாசம் வரும், உங்கள் சிக்கல் அதுவாகத்தான் இருக்கும். திவசம் செய்விக்கப் போகும் ஐயர் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறாரோ அதையே போடுங்கோ. கல்வெட்டில் ஒன்று, கிரியையில் ஒன்று என்றால் வருசா வருசம் வீட்டில் வழக்குத்தான். வெளிநாட்டில் தவறியவர்களுக்கு நேரத்தை இலங்கை நேரமாக மாற்றியே பார்க்க வேண்டும். ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு.

வெண்பா எழுதுபவருக்கு ஆண்டு, மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா (வளர்பிறையா தேய்பிறையா), திதி எல்லாம் கொடுக்கும்போது அம்மாவின் பதிவுப் பெயரோடு வீட்டுப் பெயரையும் கொடுங்கோ. நீளப் பெயர் தளைக்குள் நில்லாது, பிறகு பெயரை முறித்துப் போட்டால் வாசிக்கிறவருக்கு ஆளே தெரியாது.

சல்லிக்கடல்:
மறந்துபோனேன். புத்தகம் வந்ததும் குரல் பதிவுகளை அழித்துவிடாதேங்கோ. போன் மாற்றினால் வட்ஸ்அப்பில் கிடப்பது போய்விடக்கூடும். ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து "01 பெரியம்மா பள்ளிக்கூட வழி" என்று பெயரிட்டு இரண்டு இடத்தில் வையுங்கோ. கல்வெட்டின் பிடிஎஃபை அச்சகத்திடம் கேட்டு வாங்கி நூலகம் இணையத்தளத்துக்கும் கொடுக்கலாம், அங்கே நினைவு மலர்களைச் சேர்த்து வைக்கிறார்கள். கொடுக்க முன் வம்சாவளியில் போன் இலக்கமும் வீட்டு விலாசமும் இருந்தால் எடுத்துவிடுங்கோ.