கண்டறியும் மென்பொருளின் ‘1 சதவீதப் பிழை’ யார் தலையில் விழுகிறது?

வரைவுத்தாள்:
நேற்று வேறோர் இழையில் சிவப்புமை அவர்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. “மாணவர் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு எழுதியதாக மென்பொருள் காட்டினால் பூஜ்ஜியம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுங்கள், பிழை வெறும் 1 சதவீதம்தான்” என்று புதிய ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது முதல் நாம் எல்லோரும் தடுமாறுகிறோம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே அது இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தின் மீது வீண்பழி சுமத்தியது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத பிள்ளையை நாம் எந்த நம்பிக்கையில் கைகாட்டுகிறோம்?

சிவப்புமை:
செத்துப்போன கருவியைக் காட்டி உயிரோடு இருக்கும் கருவியைப் பழிக்க வேண்டாம். நான் பேசியது, மாணவர் தாள்களில் நகலைச் சோதிக்கும் மென்பொருளைத் தரும் டர்னிட்டின் நிறுவனம் 2023 ஏப்ரலில் கொண்டுவந்த வசதியைப் பற்றி. ஓர் ஆவணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இயந்திர எழுத்து இருப்பதாகக் காட்டும்போது பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. அப்படியானால் அது பிடித்துக்கொடுக்கும் 100 பேரில் 99 பேர் ஏமாற்றியவர்கள். 22 ஆண்டுகளாகத் தாள் திருத்துகிறேன், எனக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டாம்.

எண்கணக்கன்:
மன்னிக்க வேண்டும் ஐயா, தவறு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அந்த 1 சதவீதம் பிடிபட்டவர்களில் 1 சதவீதம் அன்று. நேர்மையாக எழுதியவர்களில் 1 சதவீதம். 1,000 கட்டுரைகளில் 100 கட்டுரைகளை இயந்திரம் எழுதியது, அவற்றில் 80 பிடிபடுகின்றன என்று கொள்வோம். மீதி 900 பேர் தாமே எழுதியவர்கள். அவர்களில் 1 சதவீதம், அதாவது 9 பேர், தவறாக மாட்டுவார்கள். மாட்டிய 89 பேரில் 9 பேர் குற்றமற்றவர்கள். கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர். ஏமாற்றுபவர்கள் குறையக் குறைய இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

சிவப்புமை:
100, 80 என்பதெல்லாம் நீங்களாக வைத்துக்கொண்ட எண்கள். நிறுவனம் சொன்னது 1 சதவீதம். 1 என்றால் 1தான்.

கடைசிபெஞ்ச்:
ஐயா, நான் முதுகலை மாணவன். சென்ற பருவத்தில் அந்த 1-க்குள் விழுந்தவன் நான். என் ஒப்படைப்பில் முக்கால் பங்கை இயந்திரம் எழுதியதாக ஒரு மென்பொருள் காட்டியது. எது, எந்தப் பத்தி என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் நான்கு வரைவுகள் இருந்தன. இரண்டாவது வரைவில் முன்னுரையை முழுவதுமாக அடித்து, ஓரத்தில் அம்புக்குறி போட்டு, “இது முடிவுரைக்குப் போக வேண்டும்” என்று பென்சிலால் எழுதியிருந்தேன். அந்தத் தாளை விசாரணைக் குழுவின் மேசையில் வைத்தேன். ஒருவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், மென்பொருள் அச்சிட்ட அறிக்கையையே திரும்பத் திரும்பப் புரட்டினார். மதிப்பெண் மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தது, மன்னிப்பு வரவில்லை.

சிவப்புமை:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என்னிடம் வந்து அழுதவர்களில் பாதிப் பேர் பிறகு உண்மையை ஒப்புக்கொண்டவர்கள். ஒருவர் கதையை வைத்துச் சட்டம் எழுத முடியாது.

மொழிப்பிரியை:
ஓர் அடிப்படைக் கேள்வி. எதை நேர்மைக்குறைவு என்று சொல்கிறோம்? எழுத்துப்பிழை திருத்தக் கேட்பது, தாய்மொழியில் எழுதியதை மொழிபெயர்க்கச் சொல்வது, குறிப்புகளைச் சுருக்கித் தரச் சொல்வது எல்லாம் ஒன்றுதானா? இதைப் பருவத் தொடக்கத்தில் மாணவரிடம் எழுத்தில் சொல்லிவிட்டோமா?

வரைவுத்தாள்:
மொழிப்பிரியை அவர்களே, அதைப் பிறகு பேசலாம். முதலில் இந்த 1 சதவீதத்தை முடிப்போம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டினின் இந்த வசதியை நிறுத்தி வைத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று இதே 1தான். 2022-இல் அங்கே 75,000 தாள்கள் அந்த மென்பொருளுக்குள் சென்றிருந்தன; அப்போது இந்த வசதி இருந்திருந்தால் 1 சதவீதக் கணக்கில் சுமார் 750 தாள்கள் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும் என்று எழுதினார்கள். 750 தாள் என்றால் 750 முறை ஒரு பிள்ளை வாசலில் நின்று “நான் எழுதவில்லை என்கிறீர்களா?” என்று கேட்பது.

இன்னொன்று. இந்தக் கருவிகளில் பல, அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது என்பதை அளந்து தீர்ப்புச் சொல்பவை. ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றவர் தெரிந்த சொற்களையும் பழகிய வாக்கிய அமைப்பையும் பிடித்துக்கொண்டு எழுதுவார், எனவே அவர் எழுத்து ‘இயந்திரம்’ ஆகிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோர் எழுதும் டோஃபெல் தேர்வுக்காக எழுதப்பட்ட 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அப்படி நேரவில்லை. ஆக, அந்தப் பழி எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை.

சிவப்புமை:
அந்த ஏழு கருவிகளில் டர்னிட்டின் இல்லை என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது உங்கள் பழைய பழக்கம். திறந்த புத்தகத் தேர்வு பற்றிய இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

வரைவுத்தாள்:
மறைக்கவில்லை, “ஏழு கருவிகள்” என்றுதான் எழுதினேன். திறந்த புத்தகத் தேர்வில் நீங்கள் கேட்டது கேள்வியே அன்று, “இதெல்லாம் சோம்பேறி ஆசிரியர்களின் வேலை” என்ற வசவு. வசவுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

மென்பொருளை விட்டுவிட்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள், நான் செய்வதைச் சொல்கிறேன். ஒப்படைப்பை மூன்று தவணையாக வாங்குகிறேன்: முதலில் கேள்வியும் அதற்கான காரணமும், பிறகு சான்றுக் குறிப்புகளோடு அரைகுறை வரைவு, கடைசியில் முழுக்கட்டுரை. இறுதித் தாள் வந்ததும் ஐந்து நிமிடம் எதிரில் உட்கார வைத்துப் பேசுகிறேன். சென்ற மாதம் ஒரு மாணவியின் தாளில் மிக அழகான ஒரு வரி இருந்தது. “இந்த வரிக்கு எதிராக ஒருவர் வாதாடினால் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லிய குரலில், “அந்தப் பத்தி மட்டும் என்னுடையது இல்லை, மற்றது என்னுடையது” என்றாள். அந்தப் பத்தியை அங்கேயே மறுபடி எழுதச் சொன்னேன். முன்னதைவிடக் கரடுமுரடாக வந்தது, ஆனால் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருந்தது. இதை எந்த மென்பொருள் செய்யும்?

சிவப்புமை:
எனக்கு 180 மாணவர்கள். தலைக்கு ஐந்து நிமிடம் என்றால் 15 மணி நேரம். ஒரே ஓர் ஒப்படைப்புக்கு! அந்த நேரத்தை யார் தருவார்கள்? சிறு வகுப்பை வைத்துக்கொண்டு பெரு வகுப்புக்காரனுக்குப் பாடம் எடுப்பது சுலபம்.

எண்கணக்கன்:
நேரம் இல்லை என்பது நியாயமான குறை. ஆனால் நேரம் இல்லை என்பதால் 1 சதவீதத்தின் பொருள் மாறிவிடாது. “பிடித்துக்கொடுக்கும் 100 பேரில் 99 பேர்” என்ற அந்த வாக்கியத்தை மட்டும் திருத்திவிடுங்கள் ஐயா, புதிய ஆசிரியர்கள் படிக்கிறார்கள்.

சிவப்புமை:
திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

மொழிப்பிரியை:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு உதவி வாங்கியவரை எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

வரைவுத்தாள்:
வகுப்பு பெரிது என்பதற்காகக் குற்றமற்றவரைத் தண்டிக்க நமக்கு உரிமை வந்துவிடாது. 180 பேரிடமும் பேச முடியாவிட்டால், பூஜ்ஜியம் போட நினைக்கும் அந்தச் சிலரிடமாவது முதலில் பேசுங்கள். வரைவைக் கேளுங்கள், கோப்பின் பழைய பதிப்புகளைத் திறந்து பாருங்கள். மென்பொருளின் எண்ணைச் சந்தேகத்தின் தொடக்கமாக வைத்துக்கொண்டால்கூட நான் சண்டைக்கு வரமாட்டேன். நீங்கள் அதைத் தீர்ப்பாக வைக்கிறீர்கள்.

சிவப்புமை:
தீர்ப்பு என்னுடையது, மென்பொருளுடையது அன்று. பிழை 1 சதவீதம். வரும் திங்கட்கிழமை 60 தாள்கள் வருகின்றன, வழக்கம்போல மென்பொருளில் போட்டுத்தான் பார்ப்பேன்.

கடைசிபெஞ்ச்:
ஐயா, அந்த 60 பேரில் யாராவது பென்சில் குறிப்போடு வரைவைக் கொண்டுவந்தால், தயவுசெய்து அதை வாங்கிப் பாருங்கள்.