அடுக்கு நெய்யாத் துணி: இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்துக் காட்டினால் காப்புரிமை நிற்குமா?

கேள்வி
இரு ஸ்பன்பாண்ட் (தொடரிழைகளால் ஆன) படலங்களுக்கு நடுவே மெல்ட்ப்ளோன் (நுண்ணிழைகளால் ஆன) படலத்தை வைத்து, சூடான காலண்டர் உருளைகளால் (துணியை நடுவே அழுத்தும் உருளைகள்) புள்ளி புள்ளியாகப் பிணைக்கும் முறைக்கான அமெரிக்கக் காப்புரிமை ஒன்றைப் படித்து வருகிறேன். அடுக்கமைப்பை ஒரு பழைய ஆவணமும், உருளை வெப்பநிலையை மற்றொன்றும் கூறுகின்றன. காப்புரிமை கோருவது அந்த வெப்பநிலை வரம்பின் குறுகிய பகுதியை மட்டுமே. துறை அறிந்தவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியதே என்று வாதிட்டு அதைச் செல்லாததாக்க முடியுமா?

பதில் 1
அடுக்கமைப்பில் புதுமை தேட வேண்டாம். நுண்ணிழைப் படலத்தைத் தொடரிழைப் படலத்தோடு விட்டுவிட்டு, ஆங்காங்கே பிணைப்பது கிம்பர்லி-கிளார்க்கின் 1977ஆம் ஆண்டுக் காப்புரிமையிலேயே உண்டு. இரு பழைய ஆவணங்களைச் சேர்க்கும்படி ஆவணமே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் (KSR) என்ற நிறுவனத்தின் காப்புரிமை வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆயினும், சேர்ப்பதற்கான காரணத்தைக் காப்புரிமையை எதிர்ப்பவர் விளக்கியாக வேண்டும். கோரிய வரம்பு பழைய வரம்புக்குள்ளேயே அடங்கினால், எதிர்பாராத விளைவைக் காட்டும் சுமை பெரும்பாலும் உரிமையாளர் மீது விழும்.

பதில் 2
ஆலைப் பார்வையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பிணைப்பு வெப்பம் குறைந்தால் இழைகள் பிணைப்புப் புள்ளியிலிருந்து உருவிக்கொள்ளும். மிகுந்தால் புள்ளியின் விளிம்பில் இழை நலிந்து அறும். ஆகவே துணியின் வலிமை ஓரிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும் என்பதும், அந்த உச்சத்தைத் தேடுவதும் அன்றாட வேலை. அதற்குக் காப்புரிமை தருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் நடுவில் உள்ள மெல்ட்ப்ளோன் இழைகள் மிக நுண்ணியவை. வெப்பம் சற்று மிஞ்சினாலும் ஊசித்துளைகள் தோன்றி, நீர் கசியாத் தன்மை குன்றும். வலிமையும் தடுப்புத் திறனும் ஒருசேர உயரும் வரம்பு உண்மையிலேயே கிடைத்திருந்தால், அது வேறு கதை. கோரப்பட்டது உருளைப் பரப்பின் வெப்பமா, துணியின் வெப்பமா என்பதையும் பாருங்கள். உருளையின் வேகம் மாறினால் இரண்டும் விலகிவிடும்.

கேள்வி கேட்டவர்
உருளைப் பரப்பின் வெப்பம்தான். ஒப்பீட்டு அட்டவணையும் உள்ளது. ஆனால் அது ஒற்றை ஸ்பன்பாண்ட் துணியோடு மட்டுமே ஒப்பிடுகிறது.

பதில் 1
அப்படியானால் உரிமையாளரின் நிலை பலவீனமானது. மிக நெருங்கிய பழைய துணி மூவடுக்குத் துணியே. அதோடு ஒப்பிடாமல் காட்டும் மேம்பாடு, நடு அடுக்கால் வந்ததா வெப்பநிலையால் வந்ததா என்பதை அந்த அட்டவணையால் சொல்ல இயலாது.