புதுப்பிப்பு: இருமினால் சிறுநீர் கசிவது – டாக்டரைப் பார்த்தாயிற்று

பிரசவத்துக்குப் பிறகு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

"வாயால் சொல்ல வராவிட்டால் சீட்டில் எழுதிக் கொடுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. டாக்டரம்மா படித்துவிட்டு, "பேட் வைக்கிறீங்களா, எத்தனை மாத்துறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்புறம் பேச்சு தானாக வந்தது.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்று இல்லை. மாத்திரை எழுதுவார் என்று நினைத்தேன், பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி: 8 முறை வீதம் தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம். மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது இதைச் செய்யவே கூடாது.

இப்போது தும்மினால் கசிவதில்லை. பலமான இருமலுக்கு மட்டும் கொஞ்சம் வருகிறது, பயிற்சியை விடவில்லை.